உப்பின பேட்டரியை ஊசியால குத்தலாமா?

[காட்சி: புதுச்சேரி, நேரு வீதிப் பக்கம் ஒரு டீக்கடை. கல்லாப்பெட்டி மேல யூபிஐ சவுண்ட் பாக்ஸ். கேமரா அதோட அடிமூடிக்கு நெருங்கிப் போகுது.]

குரல்: இந்த சவுண்ட் பாக்ஸ் வேலை செய்யுது. காசு விழுந்தா சத்தமா சொல்லுது. ஆனா மேஜையில நேரா உக்காரல, ஆடுது. அடிமூடி ஒரு பக்கம் பிளந்து, ஒரு ரூபா காசு நுழையற அளவுக்கு சந்து விட்டிருக்கு. உள்ள இருக்கிற லித்தியம் பேட்டரி உப்பிடுச்சு.

காரணம் பக்கத்துலயே இருக்கு. ஷட்டர் தூக்குனதுல இருந்து இறக்குற வரைக்கும் பெட்டி சார்ஜர்லயே கிடக்குது. ஒரு முழம் தள்ளி பாய்லர். முழு சார்ஜ், சூடு, இந்த ரெண்டுல ஒண்ணு மட்டும் வந்தா லித்தியம் பேட்டரி ஓரளவு தாங்கும். ரெண்டும் சேர்ந்து மாசக்கணக்குல இருந்தா தாங்காது. தலகாணிக்கு அடியில சார்ஜ் ஏறுற போன், அக்னி நட்சத்திரத்துல கார் டேஷ்போர்டுல காயற போன், எல்லாத்துக்கும் இதே கதிதான்.

[காட்சி: பேட்டரியின் குறுக்குவெட்டு வரைபடம்.]

குரல்: உள்ள ஒரு அலுமினியத் தகடு, ஒரு செம்புத் தகடு. அலுமினியத்து மேல பொதுவா லித்தியம் கோபால்ட் ஆக்சைடு, செம்பு மேல கிராஃபைட் பூசியிருக்கும். நடுவுல தலைமுடியை விட மெல்லிசான பிளாஸ்டிக் சவ்வு. இதையெல்லாம் பாய் சுருட்டற மாதிரி சுருட்டி, எலக்ட்ரோலைட்ங்கிற ரசாயன திரவத்துல நனைச்சு, ஒரு பைக்குள்ள வச்சு ஒட்டியிருக்காங்க. முழுசா சார்ஜ் ஏறுனா 4.2 வோல்ட், இப்போ வர்ற போன்கள்ல 4.4-க்கு மேலயும் போகும். அந்த நிலையில சூடும் சேர்ந்தா எலக்ட்ரோலைட் சிதைஞ்சு கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், எத்திலீன் மாதிரி வாயுக்களா மாறும். வெளியே போக வழியில்லாம பை உப்பும்.

"ஊசியால ஒரு குத்து, காத்து போயிடும், பேட்டரி பழையபடி படுத்துக்கும்"னு சொல்றவங்க உண்டு. செய்யவே கூடாது. ஊசி போற வழியில சவ்வு கிழிஞ்சு ரெண்டு தகடும் முட்டினா உள்ளேயே ஷார்ட். மீத்தேனும் எத்திலீனும் எரியற வாயு, பக்கத்துலயே நெருப்புப் பொறி. அது தப்பினாலும், நம்ம கடலோரக் காத்துல இருக்கிற ஈரம் எலக்ட்ரோலைட்ல கரைஞ்சிருக்கிற லித்தியம் உப்போட சேர்ந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகும். கண்ணையும் நுரையீரலையும் அரிக்கிற விஷம் அது. சிதைஞ்சு போன எலக்ட்ரோலைட் திரும்பி வரவும் போறதில்ல.

உப்பிடுச்சான்னு சந்தேகமா? போனைக் கண்ணாடி மேஜையில மல்லாக்கப் போட்டு சுத்தி விடுங்க. பம்பரமா சுத்தினா முதுகு வளைஞ்சிருக்கு. கேமரா மேடு இருக்கிற போனுக்கு இந்தச் சோதனை சரிப்படாது; திரையோரம் தூக்கியிருக்கா, ஒரே இடத்துல வெள்ளைத் திட்டு தெரியுதான்னு பாருங்க. பட்டன் போன் பேட்டரியை வெளிய எடுத்துத் தனியாவே சுத்திப் பார்த்துடலாம். லேப்டாப்ல டச்பேட் அமுங்காம அடம் பிடிச்சா, டச்பேடை மாத்தறதுக்கு முன்னாடி அதுக்குக் கீழ இருக்கிற பேட்டரியைப் பாருங்க.

உப்பினது உறுதின்னா சுவத்துல சுவிட்சை அணைச்சு, அப்புறம் ஒயரைக் கழட்டுங்க. மறுபடி சார்ஜ் போட வேண்டாம், "போட்டோ காப்பி பண்ற வரைக்கும்"னு கூட வேண்டாம். போன் சூடில்லாம ஓடுதுன்னா மீதியிருக்கிற சார்ஜுலயே காப்பி எடுத்துட்டு அணைச்சுடுங்க. தூக்கின திரையை அமுக்கி ஒட்ட வைக்காதீங்க. கடைக்குக் கொண்டு போகும்போது பேண்ட் பாக்கெட்டும் ஸ்கூட்டி டிக்கியும் வேண்டாம்.

[காட்சி: மண்சட்டி, மணல், இன்சுலேஷன் டேப்.]

குரல்: அதுவரைக்கும் எங்க வைக்கிறது? ஒரு மண்சட்டி எடுத்துக்கங்க. வெயில்ல நல்லாக் காஞ்ச மணலை ரெண்டு அங்குலம் பரப்பி, போனையோ பேட்டரியையோ வச்சு, மேல இன்னும் ரெண்டு அங்குலம் மூடுங்க. தனி பேட்டரின்னா முனையில டேப் ஒட்டின பிறகு. பீச் பக்கத்துலதானே இருக்குன்னு அங்க இருந்து மணல் அள்ளாதீங்க. உப்பும் ஈரமும் சேர்ந்தா மின்சாரம் பாயும். சட்டியை வெயிலும் மழையும் படாத திறந்த இடத்துல, கேஸ் சிலிண்டருக்கும் துணிக்கொடிக்கும் தள்ளி வைங்க. எவர்சில்வர் டப்பாவுல போட்டு இறுக்கி மூடினா வாயு வெளியேற இடமில்லாம டப்பாவே வெடிக்கலாம். உப்புத் தண்ணில ஊறப் போடறதும் தப்பு யோசனை: முனைகள்தான் முதல்ல அரிச்சுப் போகும், உள்ள சார்ஜ் அப்படியே நிக்கும்.

ஒட்டி வச்ச பேட்டரியைக் கழட்டறது மெக்கானிக் வேலை. ஆனா என்ன நடக்கணும்னு தெரிஞ்சிருந்தா, "அண்ணே, உப்பின பேட்டரி, ஹீட் கன் காட்டாதீங்க"ன்னு சொல்லலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, முதல்ல போர்டுல இருந்து கனெக்டரை பிளாஸ்டிக் குச்சியால எடுக்கணும். பேட்டரி ஓரத்துல 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டு ரெண்டு மூணு நிமிஷம் காத்திருந்தா கோந்து இளகும். பழைய ஏடிஎம் கார்டு மாதிரி மெல்லிசான பிளாஸ்டிக்கை உள்ள விட்டு, கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி எடுக்கணும். ஸ்க்ரூடிரைவரால நெம்பினா பை கிழியும். அவசரப்பட்டு மடக்கினாலும் அதே கதை.

புது பேட்டரி வாங்கும்போது எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்னு சொல்ற எம்ஏஹெச் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. அதிகபட்ச சார்ஜ் வோல்டேஜ் பழசோட ஒத்துப் போகணும். போன் 4.4 வரைக்கும் ஏத்தும், நீங்க போட்டது 4.2 தாங்கற செல்லுன்னா அது சீக்கிரமே மறுபடி உப்பலாம். பேட்டரி பாதுகாப்புக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 16046 முத்திரையும் ஆர்னு ஆரம்பிக்கிற பதிவு எண்ணும் இருக்கான்னு பாருங்க.

பழைய பேட்டரியைக் குப்பைக்காரங்ககிட்ட கொடுத்தா, லாரியில அமுக்கும்போது தீப்பிடிக்கலாம். பழைய இரும்புக்கடையும் ஆகாது, கூரியரும் ஆகாது. 2022 பேட்டரிக் கழிவு விதிகள்படி, தீர்ந்த பேட்டரியை மத்த குப்பையோட சேர்க்காம தனியாக் கொடுக்க வேண்டியது நம்ம பொறுப்பு, திரும்ப எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டியது தயாரிப்பாளர் பொறுப்பு. அந்தக் கம்பெனியோட சர்வீஸ் சென்டர்ல கேட்டு ஒப்படைங்க.

நெயில் பாலிஷ் மாதிரி இனிப்பா ஒரு வாசம், 'உஸ்'ஸுன்னு சத்தம், இதுல எது வந்தாலும் நேரம் கம்மி. மெயினை அணைச்சு, இடுக்கியால வெளிய தள்ள முடிஞ்சா தள்ளி, நிறைய தண்ணி ஊத்துங்க. லித்தியம்னா தண்ணி ஆகாதேன்னு யோசிக்க வேண்டாம். போன் பேட்டரியில கட்டி லித்தியம் கிடையாது, சூட்டைத் தணிக்கறதுதான் முக்கியம். புகையைச் சுவாசிக்காதீங்க. அறை புகைஞ்சுடுச்சுன்னா கதவைச் சாத்திட்டு வெளிய வந்து 101.

[காட்சி: பரணில் தூசி படிஞ்ச பவர் பேங்க்.]

குரல்: கடைசியா கடலூர், புதுச்சேரிக்காரங்களுக்கு ஒண்ணு. 2011 'தானே', 2024 'ஃபெஞ்சல்' மாதிரி புயல்னா எல்லாருக்கும் பவர் பேங்க் ஞாபகம் வரும். ஒரு வருஷமா காலியாக் கிடந்ததை அன்னைக்கு ராத்திரி சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்குவோம். செல் வோல்டேஜ் ரொம்ப இறங்கிக் கிடந்தா உள்ள செம்பு கரைஞ்சு, மறுபடி ஏத்தும்போது தப்பான இடத்துல படிஞ்சு ஷார்ட் ஆக்கும். அதனால ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடியே, பகல்ல, டைல்ஸ் தரையில வச்சு, கண் பார்வையில ஏத்திப் பாருங்க. கை வைக்க முடியாம சுட்டாலோ, ஓரம் பிளந்தாலோ ஒயரைப் பிடுங்கிடுங்க. நல்லா இருந்தா, புயல் சீசன் முடிஞ்சதும் பாதி சார்ஜுல எடுத்து வைங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க.