கல்லைக் கண்டால் இறக்கிவிட வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். நீங்கள் அடுப்படியில் நின்றபடியோ, கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியோ இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் நாற்காலியோ படிக்கட்டோ இருந்தால் முதலில் உட்காருங்கள். நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். பழைய சாலையோரங்களில் இன்னமும் சில ஊர்களில் நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைத்திருப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்து பிரசவம் ஆகாமலே இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுவது வழக்கம். அவள் சுமைதான் இறங்கவில்லை, வழியில் போகிறவர்கள் சுமையாவது இறங்கட்டும் என்று. யாழ்ப்பாணப் பக்கம் இதோடு சேர்த்து, மாடுகள் உடம்பை உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல்லும் நட்டிருக்கிறார்கள். மாட்டுக்கும் வழியில் ஒரு சுகம் வேண்டும் என்று நினைத்த மனதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கல்லின் உயரத்தைக் கவனியுங்கள், ஏறக்குறைய ஆள் தோள் உயரம். தலைச்சுமையைத் தரையில் இறக்கினால் திரும்பத் தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும், தனியாகப் போகிறவள் யாரைக் கூப்பிடுவாள்? தோள் உயரம் என்றால் தலையிலிருந்து அப்படியே கல்மேல் தள்ளிவிடலாம், கிளம்பும்போது குனிந்து தலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். யார் தயவும் வேண்டாம்.

எங்கள் அப்பாயி சந்தைக்குக் கத்திரிக்காய்க் கூடை சுமந்து போவார். ஏழெட்டு வயதில் நானும் கூடவே ஓடுவேன். ஊர் எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே முதல் கல் வந்துவிடும். கூடையைத் தள்ளிவிட்டு, சும்மாட்டை எடுத்து உதறி முகத்தைத் துடைத்து, இடுப்பிலிருந்து சுருக்குப் பையை அவிழ்த்து, வெற்றிலைக்குக் காம்பு கிள்ளி, நிதானமாகச் சுண்ணாம்பு தடவுவார். எனக்குப் பொறுக்காது. "இப்பத்தானே கிளம்புனோம், அதுக்குள்ள என்ன அப்பாயி?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "கல்லக் கண்டா இறக்கிடணும் தாயி. கழுத்து வலிச்சப்புறம் கல்லத் தேடுனா, அது எங்க இருக்கோ யாருக்குத் தெரியும்?" என்றார். வலிப்பதற்கு முன்னாலேயே இறக்கிவிட வேண்டும் என்ற அந்தப் பேச்சு எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது.

ஏனென்றால் அப்புறம் நான் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் 11 வருஷம் நின்றேன். வேலை பார்த்தேன் என்பதைவிட நின்றேன் என்பதுதான் சரி. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை. வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது, தூணில் சாய்ந்தாலும் ஏச்சு விழும். கீழே விழுந்த அட்டையை எடுக்கிற மாதிரி மேசைக்குப் பின்னால் குந்திக்கொள்வோம், ஒருத்தி குந்த இன்னொருத்தி காவல். அந்த இரண்டு நிமிஷத்தில் கெண்டைக்காலில் ரத்தம் இறங்குவது தெரியும். சாப்பாட்டுக்கு 20 நிமிஷம். கழிப்பறை நாலு மாடி தள்ளி என்பதால் தண்ணீரே குடிக்க மாட்டோம். முப்பத்தைந்து வயதுக்குள் கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்துவிட்டது.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. 1947ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திலேயே, நாலு மணி நேர வேலைக்கு மேல் போவதென்றால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. ஒருநாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்றும் இருக்கிறது. எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. கல் இருந்திருக்கிறது, காட்டத்தான் ஆள் இல்லை.

உட்காருகிற உரிமையை முதலில் கேட்டு வாங்கியவர்கள் கேரளத்துப் பெண்கள். கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை பார்த்தவர்கள் வருஷக்கணக்கில் போராடி, 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. நம் சட்டமன்றத்தில் 2021 செப்டம்பரில் திருத்தம் வந்தது. கடைகளில் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம். செய்தியைக் கேட்டதும் அப்பாயியின் சும்மாடுதான் கண்ணுக்குள் வந்தது.

இப்போது கடைக்குப் போனால் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், பிள்ளைகள்தான் உட்காரத் தயங்குகிறார்கள். போன மாதம் ஒரு கடையில், "உட்காரும்மா, நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்றேன். "பரவாயில்லங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே மேற்பார்வையாளர் பக்கம் பார்க்கிறது. நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் அதுவும் உட்கார்ந்தது. நேயர்களே, கடைக்குப் போகிறபோது நீங்களும் இதைச் செய்யுங்கள். சேலையை உட்கார்ந்துகொண்டே பிரித்துக் காட்டலாம், அதில் ஒரு குறையும் வராது.

வீட்டுக்கு வருகிறேன். வீட்டு வேலையைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்திருந்தேன், ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டே நிமிஷம்தான். "வேலையெல்லாம் முடிச்சிட்டு உட்காரலாம்" என்கிறோமே, வீட்டு வேலைக்கு முடிவு ஏது? பாத்திரம் தேய்த்து முடிக்கும்போது துணி காத்திருக்கும். அதனால் நேரத்தை முதலிலேயே குறித்துவிடுங்கள். எனக்கு மத்தியானம் மூன்று மணி. பாத்திரம் பாதி கிடந்தாலும் மூன்றுக்கு வாசல்படிக்கு வந்துவிடுவேன். செல்போனை உள்ளே வைத்துவிடுவேன். எதிர்வீட்டு அக்காவும் இப்போது வந்து உட்காருகிறார், சில நாள் பேசுவோம், சில நாள் சும்மா தெருவைப் பார்த்துக்கொண்டிருப்போம். மருமகளுக்கு நாலு மணி என்று வைத்திருக்கிறோம், அந்த நேரம் குழந்தை என்னிடம்.

பள்ளிப் பிள்ளைகள் டியூஷனைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன், அதற்கு நேரமில்லை. இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து பேசுகிறேன். வணக்கம்.