வாட்ச் ஓடும்போது சக ஊழியரின் திருத்தம் எங்கே போனது?

வணக்கம் நண்பர்களே. சென்ற வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடாமல் அரித்துக்கொண்டே இருக்கிறது. ஹப்ஸ்பாட் என்பது இணையதளம் கட்டவும் நடத்தவும் உதவும் சேவை; அதன் டிசைன் மேனேஜர், தளத்தின் குறிமுறைக் கோப்புகளை உலாவியிலேயே திருத்தும் இடம். நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஹப்ஸ்பாட்டின் கட்டளைவரிக் கருவியில் 'எச்எஸ் வாட்ச்' கட்டளையை ஓடவிட்டு, என் கணினியில் வார்ப்புருக் கோப்பு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதே கோப்பை என் சக ஊழியர் உலாவியில், டிசைன் மேனேஜரில் திறந்து ஒரு வரியை மாற்றியிருக்கிறார். சற்று நேரத்தில் அவருடைய வரியைக் காணவில்லை. வாட்ச் இரண்டு பக்கத்தையும் ஒத்திசைக்காதா?"

ஒத்திசைக்காது. பதில் இவ்வளவுதான். ஆனால் இதோடு நிறுத்துகிற வழக்கம் எனக்கு இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

வாட்ச் கண்வைத்திருப்பது உங்கள் கணினியில் இருக்கும் கோப்புறையின்மீது மட்டும். நீங்கள் சேமித்ததும் அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டுபோய் மேலே, அதாவது ஹப்ஸ்பாட்டில், வைத்துவிடும். மாற்றிய வரியை மட்டுமல்ல, கோப்பு முழுவதையும். மேலே அதை வேறு யாராவது தொட்டார்களா என்று விசாரிக்காது. கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் டிராப்பாக்ஸ் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அங்கே இருவர் ஒரே கோப்பில் கைவைத்தால் முரண்பட்ட பிரதி என்று தனியாக ஒன்றை எடுத்துவைக்கும். இங்கே அந்த மரியாதையெல்லாம் கிடையாது.

மேலிருந்து கீழே கொண்டுவர 'எச்எஸ் ஃபெட்ச்' இருக்கிறது. அது கொஞ்சம் பயந்த சுபாவம். கணினியில் அதே பெயரில் கோப்பு இருந்தால் தொடாமல் தாண்டிப் போய்விடும். 'ஓவர்ரைட்' என்று சேர்த்துச் சொன்னால்தான் மாற்றும். இது தெரியாமல், "ஃபெட்ச் செய்துவிட்டேன், புதியதுதான் இருக்கிறது" என்று நம்பிப் பழைய கோப்பிலேயே உழைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் பற்றிப் பேசியபோது சொன்ன கல்யாணப் பத்திரிகைக் கதை பழைய நேயர்களுக்கு நினைவிருக்கும். மறுபடியும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அச்சாகி வந்த பத்திரிகையில் முகூர்த்த நேரம் தவறு. மாமா உட்கார்ந்து நூறு பத்திரிகையிலும் பேனாவால் திருத்திவிட்டார். அச்சகத்துக்கு யாரும் சொல்லவில்லை. போதவில்லை என்று இன்னும் இருநூறு அடிக்கச் சொன்னபோது, இருநூறும் பழைய நேரத்தோடு வந்து இறங்கின. உங்கள் சக ஊழியர்தான் அந்த மாமா. உங்கள் கணினிதான் அச்சகம்.

நானே ஒருமுறை அச்சகமாக இருந்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் தளம், பெயர் வேண்டாம். அவர்களுடைய சந்தைப்படுத்தல் பிரிவு அம்மையார் காலையில் டிசைன் மேனேஜரைத் திறந்து, தலைப்பகுதிக் கோப்பில் இருந்த தொலைபேசி எண்ணை மாற்றியிருக்கிறார். மாலையில் நான் அதே கோப்பில் இரண்டு மெனுச் சொற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி விட்டுச் சேமித்தேன். ஓர் இடைவெளிதான்! பழைய எண் திரும்பி வந்துவிட்டது. அந்த எண்ணின் இணைப்பை அவர்கள் அன்றைக்குத்தான் துண்டித்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து எந்தக் கட்டளை எதை அழிக்கும் என்பதைவிட வேறொரு கேள்விதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நீங்களும் அதையே கேட்டிருக்கலாம்: தொலைபேசி எண்ணுக்குக் குறிமுறைக்குள் என்ன வேலை?

பக்கத்தைக் கட்ட உதவும் துண்டுகளை மாட்யூல் என்பார்கள். அப்படி ஒரு மாட்யூலைக் கீழே இறக்கிப் பாருங்கள். பெயரின் கடைசியில் புள்ளி வைத்து மாட்யூல் என்று முடியும் ஒரு கோப்புறை வரும். உள்ளே எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளோடு 'ஃபீல்ட்ஸ்' என்ற ஜேசான் கோப்பும் இருக்கும். பக்கத்தைத் திருத்துகிறவருக்கு எந்தெந்தப் பெட்டிகள் தெரியவேண்டும் என்பதை அதில் எழுதுகிறோம். பெட்டியை வரையறுப்பது அந்தக் கோப்பு. பெட்டிக்குள் அவர் தட்டச்சு செய்வது பக்கத்தோடு சேர்ந்து ஹப்ஸ்பாட்டில் சேமிக்கப்படுகிறது, உங்கள் கோப்பில் அல்ல. நீங்கள் வாட்சை நாளெல்லாம் ஓடவிட்டாலும் அவர் தட்டச்சு செய்தது அப்படியே இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த ஃபீல்டின், அதாவது பெட்டியின், உட்பெயரை மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் பழைய பெயரில் அவர் எழுதிவைத்தது பக்கத்தில் தெரியாது.

எண்ணை ஒரு ஃபீல்டாக வைத்திருந்தால் அந்த அம்மையார் டிசைன் மேனேஜர் பக்கமே வந்திருக்கமாட்டார். அவர் குறிமுறையைத் தொட்டார் என்று கோபப்பட்டுப் பயனில்லை; தொட வைத்தது நான்தான்.

சரி, கேட்டவருக்கு அவசரம் இருக்கும். முதலில் கட்டளையைத் தட்டச்சு செய்த முனையச் சாளரத்தில் கன்ட்ரோல் சி அழுத்தி வாட்சை நிறுத்துங்கள். டிசைன் மேனேஜரில் அந்தக் கோப்பின் திருத்த வரலாற்றைத் திறந்து, சக ஊழியரின் வரி இருக்கும் பதிப்பைத் தேடுங்கள். அந்த வரியை நகலெடுத்து உங்கள் கணினியில் இருக்கும் கோப்பில் ஒட்டிச் சேமியுங்கள். வாட்சை மறுபடி ஓடவிடுவது அதற்குப் பிறகு.