விடுதிப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகலாமா?

வணக்கம். இன்றைய கேள்வி தேவிபட்டினம் பக்கத்தில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு தங்கை கேட்டது. "ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை இருக்கிறார்கள். கடல் பக்கத்தில்தான். ஆனால் பயமாக இருக்கிறது. எங்கே போவது, என்ன செய்வது ஐயா?"

நல்ல கேள்வி அம்மா. அந்தப் பயம் தேவையானதுதான், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அதற்காகப் பிள்ளைகளை விடுதிக்குள்ளேயே வைத்திருக்கவும் வேண்டாம்.

முதலில், வாரத்துக்கு ஓர் இடம் என்று அலைய வேண்டாம். நடந்து போகும் தூரத்தில் ஒரு கரையைத் தேர்ந்தெடுத்து, வருஷம் முழுக்க அதே கரைக்குப் போங்கள். எங்கே பள்ளம், எங்கே சேறு, எங்கே வலை காயப்போடுவார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும். பாதுகாப்பில் பாதி அங்கேயே கிடைத்துவிடுகிறது. வீட்டை விட்டு வந்து தங்கியிருக்கும் பிள்ளைக்கும் 'இது எங்கள் இடம்' என்று சொல்ல ஓர் இடம் வேண்டும். ஒரு நாள் தனுஷ்கோடிக்கு பஸ்ஸில் போய் வந்தால் அது கிடைக்காது.

அதே கரைக்குப் போனால் பார்க்க என்ன இருக்கும் என்று கேட்பீர்கள். உங்கள் பக்கம் பாக் விரிகுடா, மீனவர்கள் வடகடல் என்பார்கள். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் மன்னார் வளைகுடா, அது தென்கடல். வாடை வீசும் கார்த்திகை, மார்கழியில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். ஆனி, ஆடியில் நேர்மாறு. இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, தாங்கள் நிற்கும் கரையிலேயே பார்ப்பது வேறு. காற்று பலமாக அடித்த மறுநாள் கடல்புல் குவியல் குவியலாக ஒதுங்கிக் கிடக்கும். ஆவுளியா என்கிற கடல் பசு மேய்வது இந்தப் புல்லைத்தான். அதைக் காப்பதற்காக 2022-இல் நமக்கு வடக்கே புதுக்கோட்டை, தஞ்சாவூர்க் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலைக் காப்பகமாக அறிவித்தார்கள். பிள்ளைகள் கையில் புல்லைக் கொடுத்து இதைச் சொல்லுங்கள், மறக்க மாட்டார்கள். ஐப்பசி வந்தால் உள்ளான் பறவைகள் வந்து இறங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது வலை பின்னுகிற பெரியவர்களிடம் பிள்ளைகளை உட்கார வையுங்கள்.

வகுப்புக்கு ஒரு நோட்டு. தேதி, காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எதுவரை, என்ன ஒதுங்கியது. நாலு வரி போதும்.

இப்போது தண்ணீர். இதில் நான் கண்டிப்பானவன். முழங்காலுக்கு மேல் இறங்கக் கூடாது. முதுகுளத்தூர், கமுதியிலிருந்து வரும் பிள்ளைகள் கண்மாயில் நன்றாக நீந்துவார்கள், அந்தத் தைரியத்தில் கடலிலும் இறங்கிவிடுவார்கள். கண்மாய்த் தண்ணீர் இழுக்காது, கடல் இழுக்கும். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களை முன்னால் நிறுத்திப் பேச வையுங்கள். வகுப்பில் பின்பெஞ்சில் இருக்கும் பையன் அங்கே ஆசிரியர் ஆகிவிடுவான். அதைப் பார்ப்பதற்கே போகலாம்.

ஆழமில்லாத தண்ணீரில் நடந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடக்கச் சொல்லுங்கள். மணலில் புதைந்திருக்கும் திருக்கை மீன் விலகிப் போய்விடும். செருப்பு கழற்றக் கூடாது. திருக்கை முள் குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்தால் வலி குறையும். முதலில் சூட்டை உங்கள் கையால் பாருங்கள். முள் ஆழமாக ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. 108 எல்லோருக்கும் தெரியும். கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல் படையின் 1554, இரண்டையும் போனில் போட்டு வையுங்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் அன்றைக்குக் கரைக்குப் போகவே வேண்டாம்.

எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு. ஆள் இல்லையென்றால் பாதிப் பேரை இந்த வாரம், பாதிப் பேரை அடுத்த வாரம். பிள்ளைகளை ஜோடி சேர்த்து விடுங்கள், ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு. கேட்டில், கரையில், திரும்பும் முன், மறுபடி கேட்டில் எண்ணிப் பாருங்கள். விடுதியில் அப்பா அம்மா பக்கத்தில் இல்லை. அதனால் எழுத்தில் சம்மதம் வாங்குவதோடு, யாருக்கு வீசிங், யாருக்கு வலிப்பு, என்ன மாத்திரை என்று ஒரு தாள் உங்கள் பையில் இருக்க வேண்டும். காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் திரும்பிவிடுங்கள், நம் ஊர் வெயில் அப்படி. வரமாட்டேன் என்கிற பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். காரணம் கேட்டு நாலு பேர் முன்னால் நிற்க வைக்கவும் வேண்டாம்.

பவளத் துண்டு, கடல் அட்டை, கடல் குதிரை எதையும் எடுத்து வர விடாதீர்கள், சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. தென்கடலில் இருக்கும் 21 தீவுகளும் கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. தெரிந்தவர் படகு இருக்கிறது என்று வனத்துறை அனுமதி இல்லாமல் போய்விடாதீர்கள்.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் படகு, துடுப்பு என்று கேட்பார்கள், கேட்க வேண்டிய வயதுதான். அவர்களைத் தொண்டிப் பக்கம் காரங்காட்டுக்குக் கூட்டிப் போங்கள். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை ஏற்பாட்டில் படகு விடுகிறார்கள், கயாக்கும் உண்டு. முன்கூட்டியே பேசி, உங்கள் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அப்புறம் பஸ்ஸுக்குச் சொல்லுங்கள்.