புல்லட்டா ஆர்எக்ஸா டியூக்கா: இந்த சண்டையைப் பத்தி கொஞ்சம் பேசலாம் வாங்க

வணக்கம் மக்களே, எப்படி இருக்கீங்க எல்லாரும். நான் இப்போ ஈசிஆர்ல மாமல்லபுரம் தாண்டி ஒரு டீக்கடை ஓரமா நிக்கிறேன், கடல் காத்து கொஞ்சம் பலமா அடிக்குது, மைக்ல சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க. ஞாயித்துக்கிழமை காலைல இந்தப் பக்கம் வண்டி ஓட்டிட்டு வந்தவங்களுக்கு தெரியும், பின்னாடி பாருங்க, கேமராவ திருப்புறேன், புல்லட் எல்லாம் ஒரு வரிசை, கேடிஎம் டியூக் ஆர்சி எல்லாம் அந்த மரத்தடில ஒரு கும்பல், அந்தாண்ட ஓரமா பழைய யமஹா ஆர்எக்ஸ் வண்டிங்க. யாரும் கோடு போட்டு பிரிக்கல, தானாவே இப்படி பிரிஞ்சு நிக்குது. ஹெல்மெட்ட கழட்டுனா எல்லாரும் ஒரே டீ, ஒரே வடை, ஆனா பேச்சு மட்டும் அவங்கவங்க கம்பெனிக்குள்ளயே நடக்குது. இதப் பத்தி ரொம்ப நாளா பேசணும்னு இருந்தேன், இன்னிக்கு பேசிடறேன்.

முதல்ல நான் எந்தப் பக்கம்னு சொல்லிடறேன், ஒளிக்க ஒண்ணும் இல்ல. நான் என்ஃபீல்டு ஆளு, அதான் புல்லட் செய்ற கம்பெனி. எங்க வீடு வடசென்னை, திருவொற்றியூர் பக்கம். அங்க பொறந்தவனுக்கு புல்லட்ங்கறது விளம்பரத்துல பாத்து ஆசைப்பட்ட வண்டி இல்ல, அது எங்க ஏரியா வண்டி. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ரெட்டிச் ஊர்ல இருந்த கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவ ஆரம்பிச்சாங்க, ஃபேக்டரி வந்தது திருவொற்றியூர்ல. நம்ம ராணுவம் பார்டர்ல ரோந்து போறதுக்கு புல்லட் 350 வேணும்னு ஆர்டர் குடுத்ததுதான் அதுக்கு அடித்தளம். அப்புறம் 1970ல இங்கிலாந்து கம்பெனி மூடிருச்சு, பொறந்த ஊர்ல வண்டி நின்னுபோச்சு, ஆனா எங்க ஊர்ல நிக்கல, ஓடிக்கிட்டே இருந்துச்சு. இத நெனச்சாலே எனக்கு இன்னிக்கும் நெஞ்சு நிமிருது, நான் ஏன் இந்த வண்டிய விட்டு போகமாட்டேங்கறேன்னு கேக்குறவங்களுக்கு இதான் பதில்.

எங்க அப்பா வண்டி பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட். வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக். கிக் அடிக்கறதுக்கு முன்னாடி ஆம்மீட்டர் முள்ள பாத்து, இன்ஜின் உள்ள இருக்க அழுத்தத்த வெளிய விடற டீகம்ப்ரஸ்ஸர அமுக்கி, பிஸ்டன் சரியான எடத்துக்கு வந்துச்சான்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம்தான் கிக்கர்ல கால வெக்கணும், இல்லன்னா கிக்கர் திருப்பி அடிச்சிரும். இத கத்துக்கிட்டவனுக்கு அந்த வண்டி மேல ஒரு உரிமை வந்துரும். நான் கவனிச்சது என்னன்னா, விசுவாசம்னு நம்ம சொல்றோமே, அது அந்த டேங்க்ல ஒட்டியிருக்க பேர்னால வரல, அந்த வண்டிக்காக கைய அழுக்காக்குனதால வருது. எவ்வளவு நேரம் அதோட உக்காந்தமோ அவ்வளவு பாசம்.

அப்படின்னா ஆர்எக்ஸ்காரனுக்கும் அதேதானே? அத யோசிச்சு பாருங்க. ஆர்எக்ஸ் 100, 1985ல வந்துச்சு, 98 சிசி, 11 குதிரை சக்தி, 1996ல நிறுத்திட்டாங்க. நிறுத்தி இத்தன வருஷம் ஆகியும் ஒரு நல்ல ஆர்எக்ஸ் விலைக்கு வருதுன்னா எத்தன பேரு போட்டி போடறாங்க. வண்டி எடை நூறு கிலோ பக்கம்தான், அந்த பவருக்கு அது பறக்கும். சென்னைல ஸ்பேர் கடைங்க இருக்க புதுப்பேட்டைல போய் பாத்தீங்கன்னா ஒரிஜினல் சைலென்சர் எங்க கிடைக்கும், ஒரிஜினல் கார்புரேட்டர் எங்க கிடைக்கும்னு கடை கடையா ஏறி இறங்குறவங்கள பாக்கலாம், ஜிபி ரோட்லயும் அதே கதைதான். டூ ஸ்ட்ரோக் ஆயில் வாசனை வந்தாலே ஒரு நிமிஷம் நின்னு திரும்பி பாக்குறவங்க இருக்காங்க, நானே பாப்பேன். அந்த ஆளு ஒரு பிஸ்டன் ரிங்குக்காக அலையறதுக்கும் எங்க அப்பா இன்ஜின்ல வர்ற ஒரு டேப்பெட் சத்தத்துக்காக ஞாயித்துக்கிழமை பூரா வாசல்ல உக்காந்ததுக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு ஒண்ணும் தெரியல.

எஸ்டி, அதான் ஜாவா வழி வந்த பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி, அத வெச்சிருக்கவங்கள எடுத்துக்கோங்க. ஃபேக்டரி மைசூர்ல இருந்துச்சு, 1996ல மூடிட்டாங்க. வண்டி செய்ற கம்பெனியே இல்லாம இருபது வருஷத்துக்கு மேல அந்த வண்டிங்கள ஓட்டுனாங்க, அவங்களுக்குள்ள ஸ்பேர் மாத்திக்கிட்டாங்க, ஜூலை மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமைன்னா ஜாவா எஸ்டி நாள்னு ஊருக்கு ஊர் ஒண்ணா கூடுறாங்க. ஒரே லிவர்தான் கிக்கர், அதையே திருப்பி விட்டா கியர், தெரியாதவன் அந்த வண்டில ஏறி உக்காந்தா முழிப்பான். ஒத்த சிலிண்டருக்கு ரெண்டு சைலென்சர். 2018ல ஜாவா பேரு திரும்ப வந்துச்சு, 2022ல எஸ்டியும் வந்துச்சு, ஆனா கம்பெனி திரும்பி வந்ததால இவங்க வரல, இவங்க விடாம வெச்சிருந்ததாலதான் அந்த பேருக்கு இன்னும் மதிப்பு இருந்துச்சுன்னு நான் உறுதியா நம்புறேன்.

அப்புறம் ஒருத்தர யாரும் இந்த சண்டைல சேக்கறதே இல்ல, ஸ்பிளெண்டர் வெச்சிருக்க அண்ணங்க. 1994ல இருந்து ஓடுது அந்த வண்டி. அவங்க டிஷர்ட் போட மாட்டாங்க, ஸ்டிக்கர் ஒட்ட மாட்டாங்க, ஆனா ஒரு ஸ்பிளெண்டர் ஓஞ்சா அடுத்ததும் ஸ்பிளெண்டர்தான் வாங்குவாங்க. பால் கேன மாட்டிக்கிட்டு விடியக்காலைல நாலு மணிக்கு மழையோ பனியோ கெளம்புற மனுஷன் ரைடர் இல்லையா? வருஷம் பூரா வண்டி மேலயே இருக்கறவர் அவருதான், அவர விட்டுட்டு நம்ம என்ன ரைடர் கணக்கு போடறோம்னு எனக்கு கோவமே வரும்.

சரி, கிண்டல் எப்படி போகும்னு உங்களுக்கே தெரியும். புல்லட்னா வைப்ரேஷன், ஆயில் ஒழுகும்பாங்க. டியூக்னா பிளாஸ்டிக், பசங்க வண்டிம்பாங்க. அப்பாச்சின்னா ஒண்ணு, பல்சர்னா ஒண்ணு. ஃப்ரெண்டுக்குள்ள பேசிக்கிட்டா பரவால்ல, சிரிச்சிட்டு போயிரலாம். ஆனா புதுசா வண்டி எடுத்து மொத தடவ ரைடுக்கு ஆசையா வந்த ஒரு தம்பி கிட்ட போய் ஏன் இத எடுத்தேன்னு கேக்கறது இருக்கே, அது தப்பு மக்களே. அவன் வீட்ல கெஞ்சி, இஎம்ஐ போட்டு எடுத்திருப்பான். அவன் மூஞ்சி வாடுறத நான் பாத்திருக்கேன், பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

இன்னொன்னு, இந்த கம்பெனி கம்பெனின்னு நம்ம அடிச்சுக்கறோம்ல, அந்த வேலியெல்லாம் நம்ம நெனைக்கற மாதிரி இல்ல. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால் சிப்காட்டுக்கு போங்க, யமஹா ஃபேக்டரியும் அங்கதான், ராயல் என்ஃபீல்டு ஃபேக்டரியும் அங்கதான். பிஎம்டபிள்யூ ஜி 310 வண்டி செஞ்சது ஓசூர்ல டிவிஎஸ், இங்கிலாந்து நார்ட்டன 2020ல வாங்குனதும் அதே டிவிஎஸ்தான். கேடிஎம் டியூக்கும் டிரையம்ப் 400ம் புனே பக்கம் சாக்கன்ல பஜாஜ் கிட்ட இருந்து வருது. எந்த வண்டியா இருந்தாலும் செயின் கோயம்புத்தூர் ரோலானா இருக்கலாம், டயர் மதுரைல செஞ்சதா இருக்கலாம், இல்ல எங்க திருவொற்றியூர்ல பலூன் கம்பெனியா ஆரம்பிச்ச எம்ஆர்எஃப்பா இருக்கலாம். நம்ம ஊர் ஆளுங்க கை படாத வண்டிய இந்த பார்க்கிங்ல தேடித்தான் பாக்கணும்.

இப்ப ஒரு சின்ன விஷயம், எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். எதிர்ல ஒரு ரைடர் வந்தா கை காட்டறது. வெளிநாட்டு வீடியோல பாத்திருப்பீங்க, இடது கைய கீழ தொங்கவிட்டு ரெண்டு விரல காட்டுவாங்க. அமெரிக்கால எல்லாம் ரோட்டோட வலது பக்கம் ஓட்டறாங்க, எதிர்ல வர்றவன் இவங்களுக்கு இடது பக்கமா போவான், இடது கை சும்மா இருக்கு, அதனால அது சுலபம். நமக்கு அப்படி இல்ல, நம்ம இடது பக்கம் ஓட்டறோம், எதிர்ல வர்றவன் வலது பக்கம் போவான், வலது கைல ஆக்ஸிலேட்டர் இருக்கு. அத விட்டா வண்டி வேகம் கொறையும், முன் பிரேக்கும் அந்த கைலதான். அதனால நம்ம ஊர்ல ஒண்ணு தலைய ஆட்டுவோம், இல்ல லைட்ட ஒரு தட்டு தட்டுவோம், சில பேரு இடது கைய தலைக்கு மேல தூக்குவாங்க. நான் எல்லாருக்கும் பண்றேன், எக்ஸ்எல் ஓட்டிட்டு வர்ற பெரியவருக்கும் பண்றேன். அவரு மொதல்ல யாருடா இதுன்னு பாப்பாரு, அப்புறம் சிரிச்சிக்கிட்டே கைய தூக்குவாரு.

கொல்லிமலைல நடந்தத சொல்றேன். காரவள்ளில இருந்து ஏறுனா 70 கொண்டை ஊசி வளைவு, பாதில பின் டயர்ல ஆணி. என் வண்டி ஸ்போக் வீல், ட்யூப் டயர், பின் வீல கழட்டியே ஆகணும். மொதல்ல நின்னது ஒரு டியூக் பையன், காலேஜ் முடிச்சிருப்பான், அண்ணா என்னாச்சுன்னு ஓடி வந்தான். அவன்கிட்ட பஞ்சர் கிட் இருந்துச்சு ஆனா அது ட்யூப்லெஸ்ஸுக்கு, எனக்கு ஆகாது, ஆனா பேட்டரில ஓடற காத்து பம்ப்பு வெச்சிருந்தான். கொஞ்ச நேரத்துல மேல இருந்து ஒரு ஆர்எக்ஸ்காரர் எறங்கி வந்தாரு, நாமக்கல் பக்கம், நாப்பது வயசு இருக்கும், வண்டிய ஓரங்கட்டிட்டு ஒண்ணும் கேக்கல, சீட்டுக்கு அடில இருந்து டயர் லிவரும் ஒட்டு போடற சாமானும் எடுத்தாரு. அவரு வண்டியும் ட்யூப் டயர்தானே, தெரியும் அவருக்கு. அவரு லிவர் போட, நான் வீல புடிக்க, பையன் காத்து அடிக்க, வேல முடிஞ்சுது.

முடிஞ்சதும் யாரும் கெளம்பல. தம்பி அவரோட ஆர்எக்ஸ்ஸ சுத்தி சுத்தி பாத்தான், அண்ணே இது நெஜமாவே நூறு சிசியான்னு கேட்டான். அவரு அவன் வண்டியோட ரேடியேட்டர பாத்து இது எவ்வளவு தண்ணி குடிக்கும்னு கேட்டாரு. மலை எறங்கறப்போ டூ ஸ்ட்ரோக்ல இன்ஜின் பிரேக்கிங் கம்மி, ஆக்ஸிலேட்டர மூடியே எறங்குனா ஆயிலும் கம்மியா போகும், அதனால அப்பப்போ லேசா முறுக்கி விடணும்னு அவரு சொன்னத நாங்க ரெண்டு பேரும் வாய பொளந்து கேட்டோம். இவ்வளவு நாளு வண்டி ஓட்டறேன், அது எனக்கு புதுசு. எந்த கம்பெனி பெருசுன்னு அங்க யாருமே கேக்கல, அந்த பேச்சுக்கு எடமே இல்ல.

அதுக்கப்புறம்தான் நான் கலந்த ரைடு போக ஆரம்பிச்சேன், எல்லா கம்பெனியும் சேந்து. ஆனா அதுக்கு சில விஷயம் பாக்கணும், இல்லன்னா சண்டைதான் வரும். சின்ன வண்டி, பழைய வண்டி எப்பவும் முன்னாடி போற வண்டிக்கு அடுத்ததா வரணும், கடைசில விடக்கூடாது, கடைசில விட்டா அவன் எட்டிப் புடிக்கறதுக்காக முறுக்குவான், அதுலதான் விழுவாங்க. மலை எறங்கறப்போ ட்ரம் பிரேக் வண்டிக்கு பின்னாடி நெருங்கி போகாதீங்க, எடம் விடுங்க. பெட்ரோல் நிறுத்தம் பெரிய டேங்க் வண்டிய வெச்சு முடிவு பண்ணாதீங்க, சின்ன டேங்க் வண்டிய வெச்சு முடிவு பண்ணுங்க. கடைசில வர்றவரு நல்லா அனுபவம் உள்ளவரா, வேலை தெரிஞ்சவரா இருக்கணும்.

டூல்ஸ் பத்தி நெறைய பேரு கேட்டிருந்தீங்க. ஜப்பான் வழி வந்த வண்டிங்கன்னா 10, 12, 14 ஸ்பேனர் இருந்தா முக்கால்வாசி கழட்டிரலாம். ஐரோப்பா பக்கம் வந்த வண்டிங்கன்னா 13 கேக்கும், டியூக்ல எல்லாம் நட்சத்திர வடிவ தலை வெச்ச டார்க்ஸ் போல்ட்டும் இருக்கும், அதுக்கு தனி பிட் வேணும். ரொம்ப பழைய புல்லட்ல இன்ச் சைஸ் நட்டு இருக்கும், அத வெச்சிருக்கவருக்கே அது தெரியும். என் பையில இப்ப எல்லா சைஸும் இருக்கு, ட்யூப் ஒட்டு போடறதும் இருக்கு, ட்யூப்லெஸ் கிட்டும் இருக்கு, என் வண்டிக்கு அது தேவையே இல்ல, ஆனா வெச்சிருக்கேன். ஒரு சின்ன பாட்டில் டூ ஸ்ட்ரோக் ஆயிலும் வெச்சிருக்கேன், மலை மேல அது கடைல கிடைக்கறது கஷ்டம்.

சரி மக்களே, அங்க ஆர்எக்ஸ் பக்கத்துல ஒருத்தர் பிளக்க கழட்டிக்கிட்டு இருக்காரு, என்னன்னு பாத்துட்டு வரேன், அடுத்த வீடியோல பாக்கலாம்.