கதவின் இரண்டு ஓசைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஈரானின் காஷான், யஸ்த் போன்ற பழைய நகரங்களில், மண்சுவர்ச் சந்துகளில் உள்ள வீட்டுக் கதவுகளை உற்றுப் பார்த்தால், தட்டுவதற்கென்று இரண்டு இரும்புகள் பொருத்தியிருப்பது தெரியும். ஒன்று கனத்த இரும்புப் பட்டை, மற்றொன்று மெல்லிய வளையம். அக்காலத்தில் வந்தவர் ஆண் என்றால் பட்டையைத் தட்டுவார், பெண் என்றால் வளையத்தைத் தட்டுவார். கதவைத் திறக்க யார் எழுந்து போவது என்பதை உள்ளே இருப்பவர்கள் ஓசையை வைத்தே முடிவு செய்துகொள்வார்கள். கதவைத் தாண்டினால் வீடும் இரண்டாகப் பிரிந்திருக்கும். விருந்தினர் அமரும் முன்கட்டுக்கு 'பீரூனி' என்றும், குடும்பம் புழங்கும் உட்கட்டுக்கு 'அந்தரூனி' என்றும் பெயர்.

ஈரானைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்தபோது, மன்னர்கள், மதத்தலைவர்கள், எண்ணெய், அணுசக்தி என்று வழக்கமாக வரும் வரிசையை விட்டுவிட்டு இந்தக் கதவிலிருந்தே தொடங்கலாம் என்று எண்ணினேன். கடந்த 130க்கும் மேற்பட்ட ஆண்டுகளில் அந்நாட்டு மக்கள் நடத்திய போராட்டங்களில் பல, உட்கட்டு எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்ற வழக்காகவே எனக்குத் தோன்றுகின்றன.

1890இல் ஈரான் மன்னர் நாஸிருத்தீன் ஷா, நாட்டின் புகையிலை விளைச்சல், விற்பனை, ஏற்றுமதி ஆகிய அனைத்தையும் 50 ஆண்டுகளுக்கு ஓர் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துக் கையெழுத்திட்டார். ஹூக்கா அன்றாடம் புழங்கிய அந்த நாட்டில், இந்த ஒப்பந்தம் வயலையும் கடைத்தெருவையும் தாண்டி வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. 1891 டிசம்பரில், புகையிலையைப் பயன்படுத்துவது காலத்தின் இமாமை (மறைந்திருப்பதாக ஷியாக்கள் நம்பும் பன்னிரண்டாம் இமாமை) எதிர்த்துப் போரிடுவதற்கு ஒப்பாகும் என்று ஷியா மதத்தலைவர் மீர்ஸா ஷீராஸியின் பெயரால் ஒரு ஃபத்வா, அதாவது மதத் தீர்ப்பு, வெளிவந்தது. கடைகள் மூடப்பட்டன. அரண்மனை அந்தப்புரத்துப் பெண்களும் ஹூக்காவை ஒதுக்கி வைத்தார்கள். தன் சொந்த உட்கட்டில் ஒரு ஹூக்காவை நிரப்பிக் கொண்டுவரச் செய்ய முடியாத மன்னர், அடுத்த மாதமே ஒப்பந்தத்தை ரத்து செய்தார்.

அரசியல் சட்டத்துக்கான போராட்டமும் அன்றாடப் பண்டம் ஒன்றில்தான் தொடங்கியது. சர்க்கரை விலை ஏறியதற்காக, 1905 டிசம்பரில் தெஹ்ரான் ஆளுநர் வணிகர்களைப் பிடித்து வந்து உள்ளங்காலில் பிரம்படி கொடுக்கச் செய்தார். பஜார் கொதித்தது. (பஜார் என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து நம்மிடம் வந்ததுதான்.) ஆட்சியாளரின் கை எட்டாத இடத்தில் தஞ்சம் புகுந்து நீதி கேட்கும் 'பஸ்த்' என்ற பழைய வழக்கம் அங்கே உண்டு. 1906 கோடையில் 12,000க்கும் மேற்பட்டோர் பிரிட்டிஷ் தூதரகத் தோட்டத்தில் அவ்வாறு தஞ்சம் புகுந்தார்கள். ஒவ்வொரு தொழில் பிரிவினருக்கும் தனிக் கூடாரம். பெரிய அண்டாக்களில் அங்கேயே சோறு வடித்துச் சாப்பிட்டுக்கொண்டு, நாடாளுமன்றம் என்றால் என்னவென்று அங்கேயே பேசித் தெரிந்துகொண்டார்கள். ஆகஸ்ட் 5 அன்று அப்போதைய மன்னர் முஸஃபருத்தீன் ஷா பணிந்து, நாடாளுமன்றம் அமைக்க இசைந்தார். ஆயினும் அந்த நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு இடமில்லை. வாக்குரிமைக்கு அவர்கள் 1963 வரை காத்திருக்க நேர்ந்தது.

1936 ஜனவரி 8 அன்று மன்னர் ரிஸா ஷா பஹ்லவி, தம் மனைவியையும் மகள்களையும் முக்காடில்லாமல் ஒரு பொது விழாவுக்கு அழைத்து வந்தார். அன்று முதல் தெருவில் சாதர், அதாவது தலை முதல் கால் வரை மூடும் போர்வை, அணிந்து வருவதற்குத் தடை. காவலர்கள் பெண்களின் தலையிலிருந்து துணியைப் பிடித்து இழுத்தார்கள். படித்த பெண்கள் சிலருக்கு இது விடுதலையாக இருந்தது உண்மை. ஆனால் முக்காடில்லாமல் தெருவில் நடப்பதை ஆடையின்றி நடப்பதாகக் கருதிய பெண்கள் வீட்டுக்குள்ளேயே முடங்கினார்கள். குளியலறை பெரும்பாலான வீடுகளில் இல்லாத காலம் அது. குளிக்கப் பொதுக் குளியல் கூடத்துக்குத்தான் போக வேண்டும். தெருவில் இறங்க அஞ்சி, அடுத்தடுத்த வீடுகளின் மொட்டைமாடி வழியாகவே பெண்கள் குளிக்கப் போனதாக அக்கால நினைவுகள் கூறுகின்றன.

இந்த மொட்டைமாடி ஈரானிய அரசியலில் ஒரு விசித்திரமான இடம். வீட்டின் பகுதிதான், ஆனால் குரல் எழுப்பினால் தெருவுக்கெல்லாம் கேட்கும். 1978ஆம் ஆண்டு இறுதியில், மன்னராட்சியை எதிர்த்துப் போராட்டம் எழுந்து ஊரடங்கு இருந்த இரவுகளில், வெளியே வந்தால் துப்பாக்கிச் சூடு என்ற நிலையில், மக்கள் மாடியில் ஏறி இருளில் நின்று 'அல்லாஹு அக்பர்' என்று முழங்கினார்கள். குரல் எந்த மாடியிலிருந்து வருகிறது என்று கீழே நிற்கும் படைவீரனுக்குத் தெரியாது. ரிஸா ஷாவின் மகனான அன்றைய ஷா 1979 ஜனவரியில் நாட்டை விட்டு வெளியேறினார்; அடுத்த மாதம் இஸ்லாமியப் புரட்சி வென்றது. 30 ஆண்டுகளுக்குப் பின், 2009 ஜூனில், அதிபர் தேர்தல் முடிவு பொய்யானது என்று நம்பியவர்கள் 'என் வாக்கு எங்கே?' என்று பகலில் தெருவில் கேட்டார்கள். இரவில் அதே மாடிகளில் ஏறி அதே 'அல்லாஹு அக்பர்' முழக்கத்தை எழுப்பினார்கள். அந்த முழக்கத்தால் அரியணை ஏறிய ஆட்சி, அதைத் தடுக்க என்ன காரணம் சொல்வது என்று திணறியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

புரட்சி வென்று ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1979 மார்ச் 8 அன்று, அரசு அலுவலகங்களில் பெண்கள் ஹிஜாப் அணிய வேண்டும் என்ற புரட்சித் தலைவர் கொமேனியின் கருத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் தெஹ்ரானில் ஊர்வலம் போனார்கள். 1983இல் அந்தக் கருத்து சட்டமானது. மீறினால் 74 கசையடி. பாட்டியின் காலத்தில் முக்காட்டைப் பிடித்து இழுத்த அரசின் கை, பேத்தியின் காலத்தில் அதைப் போர்த்தியது.

அதன்பின் ஈரானியர் வாழ்ந்த வாழ்வை இரட்டை வாழ்வு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். தெருவில் ஒரு நடை, ஒரு பேச்சு; கதவைச் சாத்தியதும் பாட்டு, ஆட்டம், தடைசெய்யப்பட்ட டிஷ் ஆன்டெனா வழியே வரும் வெளிநாட்டுத் தொலைக்காட்சி. ஆயினும் வெளியில் ஒன்று சொல்லி உள்ளத்தில் ஒன்று வைத்துக்கொள்வது அங்கே அச்சத்தால் மட்டும் வந்த பழக்கமல்ல. காலையில் ரொட்டிக் கடைக்குப் போய்ப் பாருங்கள். சங்கக் என்ற நீண்ட ரொட்டியைக் காய்ந்த கூழாங்கற்களின்மேல் சுடுகிறார்கள். 'சங்' என்றால் கல். சுட்ட ரொட்டியைக் கம்பி வலை மேசையில் போட்டு, ஒட்டியிருக்கும் கற்களைச் சூட்டோடு சூடாகத் தட்டி உதிர்க்க வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் வாங்குபவருக்குத் தனி வரிசை இருப்பதும் உண்டு. விலை கேட்டால் கடைக்காரர் 'காபெல் நதாரே' என்பார், அதாவது 'உங்கள் தகுதிக்கு இது ஒன்றுமே இல்லை' என்று பொருள். நன்றி சொல்லி ரொட்டியோடு நடையைக் கட்டினால் தொலைந்தோம்! மறுத்து, வற்புறுத்தி, பணத்தைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். பணத்தின் பெயரிலும் இப்படித்தான்: நோட்டில் ரியால் என்று இருக்கும், வாய் ஒரு சுழியைக் குறைத்து தூமான் என்று சொல்லும். 'தாரோஃப்' எனப்படும் அந்த உபசார மொழியை வெறும் பாசாங்கு என்று தள்ளுவது அவசரம். வரிசையில் நிற்கும் எளியவரையும் பெரிய மனிதராக நடத்தும் பண்பு அதில் இருக்கிறது.

பண்டிகைகளை எடுத்துக்கொண்டாலும் வீடுதான் காப்பாற்றியது. ஆண்டின் மிக நீண்ட இரவான யல்தாவில் மாதுளையும் தர்பூசணியும் வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருந்து, ஹாஃபிஸின் கவிதைத் தொகுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தில் திறந்து குறி பார்க்கிறார்கள். புத்தாண்டான நவ்ரூஸுக்கு முந்தைய செவ்வாய் இரவில், 'என் வெளிறல் உனக்கு, உன் சிவப்பு எனக்கு' என்று தீயிடம் சொல்லிக்கொண்டே அதைத் தாண்டிக் குதிக்கிறார்கள். இஸ்லாத்துக்கு முந்தையது என்று மதத்தலைவர்கள் முகம் சுளித்தும் அந்தத் தீ அணையவில்லை.

2022 செப்டம்பரில் குர்திஸ்தானின் சக்கெஸ் நகரிலிருந்து தெஹ்ரான் வந்த 22 வயதுப் பெண்ணை, ஹிஜாப் சரியில்லை என்று ஒழுக்கக் காவலர்கள் பிடித்துச் சென்றார்கள்; மூன்று நாளில், 16ஆம் தேதி, அவர் மருத்துவமனையில் இறந்தார். உலகம் அவரை மஹ்சா அமினி என்று அறிந்தது. அது ஆவணங்களில் இருந்த பெயர். வீட்டில் அவரை அழைத்த குர்தியப் பெயர் ஜீனா. சக்கெஸில் அவரை அடக்கம் செய்தபோது பெண்கள் முக்காட்டைக் கழற்றினார்கள். 'ஜின், ஜியான், ஆஸாதி' என்ற குர்திய முழக்கம் சில நாட்களில் பாரசீகத்துக்கு மாறி, 'பெண், வாழ்வு, விடுதலை' என்று நாடெங்கும் ஒலித்தது. சிறுபான்மையினர் வீட்டில் பேசும் மொழி தலைநகரின் தெருவுக்குச் சொல் கொடுத்தது. 'ஜீனா கண்ணே, நீ சாக மாட்டாய், உன் பெயர் ஓர் அடையாளமாகும்' என்று அவர் கல்லறையில் குர்திய மொழியில் எழுதியிருக்கிறது.

போராட்டம் கடுமையாக ஒடுக்கப்பட்டது. தூக்குத் தண்டனைகளும் நிறைவேற்றப்பட்டன. ஆனால் தெஹ்ரான் தெருக்களில் தலையை மூடாமல் நடக்கும் பெண்களை மீண்டும் மூடச் செய்ய அரசால் இயலவில்லை. புதிய ஹிஜாப் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பின்னும், 2024 டிசம்பரில் அதை நடைமுறைக்குக் கொண்டுவராமல் நிறுத்தி வைத்தார்கள். இடையில் கேமராக்களை வைத்து, காரில் முக்காடின்றிப் போகும் பெண் தென்பட்டால் வண்டி உரிமையாளரின் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பினார்கள். இதில் பழைய கேள்வி புதிய வடிவில் எழுந்தது: காரின் உட்புறம் வீட்டைச் சேர்ந்ததா, தெருவைச் சேர்ந்ததா? கண்ணாடி வழியே பிறர் கண்ணுக்குத் தெரியும் பகுதி தனியிடம் ஆகாது என்பது அதிகாரிகளின் வாதம்.