“அவன் கொன்றது என் மகனை”

அஸ்ஸலாமு அலைக்கும்.

பைக் விற்பனைக்கு என்று ஒரு விளம்பரம். கொடுத்தவர் இமாத் இப்னு ஜியாத்தன். மொராக்கோ வழி வந்த பிரெஞ்சுப் படைவீரர், முஸ்லிம். 2012 மார்ச் 11, துலூஸ் நகரம். வண்டி பார்க்க வந்தவன் பெயர் முகம்மது மெரா. துப்பாக்கியை நீட்டி, தரையில் படு என்றான். இமாத் படுக்கவில்லை. சுட்டுவிட்டான். எட்டு நாள் கழித்து அதே ஊரில் ஒரு யூதப் பள்ளி வாசலில் ஆசிரியர் ஒருவர், அவருடைய சின்னஞ்சிறு மகன்கள் இருவர், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. கேட்டால், பலஸ்தீனக் குழந்தைகளுக்காகவாம்!

இமாதின் தாய் லத்தீஃபா, மெரா வளர்ந்த இசார் குடியிருப்புக்கே போனார். அங்கே நின்ற பையன்களிடம் அவன் வீடு எது என்று விசாரித்தார். அவன் ஷஹீது, அதாவது மார்க்கத்துக்காக உயிர்விட்டவன், இஸ்லாத்தின் வீரன் என்று சொன்னார்கள். “அவன் கொன்ற படைவீரனுடைய அம்மா நான்தான்” என்றார். பையன்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அந்த ஆண்டே ஒரு சங்கம் தொடங்கி, பள்ளிக்கூடம், சிறைச்சாலை என்று போய்ப் பேச ஆரம்பித்தார்.

“யூத வெறுப்பு நம்மிடம் இருக்கு என்று மேடையில் சொல்லலாமா? எதிரிக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பயம் வெறும் பயம் அல்ல. 2015-ல் பிரெஞ்சு நாடாளுமன்றக் கட்டடத்தில் நடந்த கூட்டத்தில் இதே லத்தீஃபாவை முக்காட்டுக்காகக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். மகனைப் பறிகொடுத்தவரை! 2018-ல், நாஜிகளிடமிருந்து சிறுமியாகத் தப்பிய 85 வயது யூத மூதாட்டி பாரிஸில் கொல்லப்பட்ட பிறகு, முன்னாள் அதிபர் சர்கோசி உட்பட சுமார் 300 பேர் அறிக்கை விட்டார்கள். குர்ஆனின் சில வசனங்கள் காலாவதி என்று மார்க்க அறிஞர்கள் அறிவிக்க வேண்டுமாம். எந்த முஸ்லிம் பையன் அதைக் காது கொடுத்துக் கேட்பான்? இரண்டே நாளில் முப்பது இமாம்கள் பதில் எழுதினார்கள். வேதத்தில் கைவைக்க ஒப்பவில்லை. ஆனால் குற்றவாளிகள் நம் மார்க்கத்தைக் களவாடுகிறார்கள் என்பதை மறைக்கவும் இல்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

பலஸ்தீனத்தில் நடக்கும் அநியாயத்தை எதிர்ப்பது வேறு. அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளையைச் சுட்டவனை வீரன் என்பது வேறு. புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது: ஒரு ஜனாஸா, இறந்தவரின் உடல், கடந்து போனது, நபிகள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையதாயிற்றே என்றார்கள் தோழர்கள். “அதுவும் ஓர் உயிர் அல்லவா?” என்று கேட்டார்கள் நபிகள்.

போன வெள்ளி ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. யூதர்கள் உலகத்தையே ஆளத் தீட்டிய ரகசியத் திட்டமாம். ஜார் காலத்து ருஷ்யாவில் 1903-ல் ஒரு பத்திரிகை அவிழ்த்துவிட்ட சரக்கு அது. இன்னொரு நூலிலிருந்து திருடிச் செய்த போலி என்று 1921-லேயே லண்டன் டைம்ஸ் வரிக்கு வரி காட்டிவிட்டது. யூதர்களைப் பிடிக்காத ஐரோப்பியன் எழுதியதை, ‘அல்ஹம்துலில்லாஹ், எல்லாருக்கும் பகிருங்கள்’ என்று முடித்து நமக்கு நாமே அனுப்பிக்கொள்கிறோம்.

அனுப்பியவர் இங்கே முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க பாய். கூட்டம் முடிந்ததும் டீ குடித்துக்கொண்டே பேசுவோம்.