நகத்தால் கிள்ள வேண்டியது

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, மருத்துவச் சங்கத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திப் பெருமைப்படுத்திய மாமன்ற உறுப்பினர் அவர்களே, எண்பது வயதைக் கடந்தும் மாடிப்படி ஏறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் ஆசிரியப் பெருந்தகையே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஜென்ஸ் பிண்ட்போர்க் பற்றிப் பேச அழைத்தீர்கள். மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன்: அவருடைய ஆய்வு வாழ்க்கை, நுண்ணோக்கியில் அவர் கண்டது, நாகர்கோவிலில் நாம் செய்ய வேண்டியது.

1921இல் பிறந்த டென்மார்க்காரர். கோபன்ஹேகனில் வாய் நோயியல் பேராசிரியராக இருந்தவர். தாடையில் வரும் ஒரு கட்டிக்கு இன்றும் அவர் பெயர்தான். மாணவர்கள் அதைப் படித்துத் தேர்வு எழுதியிருப்பீர்கள். நான் அவரைக் கும்பிடுவது வேறொன்றுக்காக. வெற்றிலைச் செல்லமே இல்லாத ஊரில் பிறந்தவர், நம் கிராமத்து மக்களின் வாய்க்குள் பார்க்க வந்தார். பம்பாயில் ஃபாலி மேத்தா குழுவோடு சேர்ந்து 50,915 கிராமத்தாரைப் பரிசோதித்த ஆய்வை 1969இல் வெளியிட்டார். ஆந்திரத்து ஸ்ரீகாகுளத்தில் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். அங்கே அண்ணத்தில் புண். எர்ணாகுளத்தில் வெற்றிலையோடு புகையிலையை அடக்குவார்கள், அங்கே கன்னத்தில்.

இது நமக்குப் புதிதும் அல்ல. நம் நெய்யூர் மருத்துவமனையின் டாக்டர் ஓர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றுநோய் பற்றி 1933இலேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதிவிட்டார். நகத்தால் கிள்ளுவதைக் கோடாலி கொண்டு வெட்டலாமா என்று எங்கள் பாட்டி சொல்வார். தொண்ணூறு ஆண்டுகளாகக் கோடாலியைத்தான் தீட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு பூக்கார அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பணியில் இருந்த காலம். "மீன்குழம்பு தொட்டா வாயெல்லாம் எரியுது சாரே" என்று வந்தார். வாயைத் திறக்கச் சொன்னேன். சரி, நீங்களும் இப்போது செய்து பாருங்கள்: மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வையுங்கள். நுழைகிறதா? அந்த அம்மாவுக்கு இரண்டு விரல்கூட நுழையவில்லை. கன்னத்தின் உட்புறம் வெளுத்து, வார் போல விறைத்திருந்தது. "பொயில போடுவீங்களா?" என்றேன். "ஐயோ, தொடமாட்டேன். வெறும் பாக்குதான்." தூங்கும்போதுகூடக் கன்னத்தில் பாக்கு. அதற்கு முன்பு இரண்டு ஆண்டுகள் வேறோர் இடத்தில் சத்து மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்; ஒருவரும் விளக்கடித்துப் பார்க்கவில்லை. சதைத்துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி செய்தோம். புற்றாக மாறியிருந்தது. பாதித் தாடையை எடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் ஆறு மாதம் கழித்து, முகத்தை முந்தானையால் மறைத்தபடி, எனக்கு ஒரு முழம் பிச்சிப்பூ கொண்டுவந்தார். அந்தப் பூவை வாங்கிய கை இன்னும் கூசுகிறது. நகத்தால் கிள்ளியிருக்க வேண்டியது!

புகையிலை சேராவிட்டாலும் பாக்கு புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2003இல் முடிவு செய்தது. ஆனால் கல்யாண வீட்டில் பாக்குப் பொட்டலத்தைக் குழந்தை கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறோம். அதை நிறுத்துங்கள். பக்கத்துத் திருவனந்தபுரத்தில் 1996 முதல் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க் கண்ணால் மட்டுமே வாயைச் சோதித்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்தது என்று 2005இல் லான்செட்டில் வந்தது. பெரிய இயந்திரம் ஏதும் இல்லை. கண்ணும் வெளிச்சமும்தான்.

நுண்ணோக்கிச் செய்தியை இன்னொரு நாள் பேசலாம், முதல்வர் அம்மா பொறுத்தருள வேண்டும். எனக்கு இன்று வேண்டியது வடசேரிச் சந்தை வாசலில் ஒரு மேசை, ஒரு டார்ச், வாரம் இரண்டு மாணவர்கள். மேசையும் டார்ச்சும் நான் வாங்கித் தருகிறேன். வர விரும்புகிறவர்கள் வெளியே வைத்திருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் அங்கே இருப்பேன்.